‘தே’ எண்ட சொல்

இதுல ஆரும் இரிக்கிறாங்களா தம்பி? இல்லயே? அப்ப கொஞ்சம் தள்ளிக் குந்துங்கோ. பஸ்ல பின்னுக்குத்தான் இருந்தேன். ஜன்னல் சீட், நல்ல காத்தும் வந்திச்சி. ஆனா பக்கத்துல ஒரு பொம்புள, பதுளைல ஏறினதுல இருந்து போன்ல கதைச்சிக்கிட்டே வாரா. சத்தம் போட்டுக் கதைக்கிறா எண்டு சொல்ல மாட்டேன். மெதுவாத்தான் கதைக்கிறா. எனக்கு அந்தப் பாஷையைக் கேக்க ஏலா. அதான் எழும்பி வந்திட்டேன்.

மலாய் எண்டு அவங்க சொல்லுவாங்க. நாங்க ஜாவா எண்டுறது. மலேசியாக்காரன் கதைக்கிற மலாயும் இல்ல அது. ஒல்லாந்தன் பட்டாளத்துக்குக் கொண்டு வந்த ஆக்கள், இங்கயே நிண்டு, எங்கட தமிழையும் சிங்களத்தையும் போட்டுக் கலக்கி ஒண்டு செஞ்சி வச்சிக்கிறாங்க. பாஷையா அது? ஒரு பாஷைல ஆம்புளைக்கும் பொம்புளைக்கும் வித்தியாசம் வேணாமா? அவன் எண்டாலும் ‘தே’. அவள் எண்டாலும் ‘தே’. மாட்டுக்கே காளை, பசு எண்டு இரிக்கி. சிரிக்காதீங்கோ தம்பி. அந்த ஒரு சொல்லால நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

எண்ட பேர் வதூத். கிளாக்கர் வதூத் எண்டா எங்கட ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஊர்ப் பேர் வேணாம், தெற்குக் கரைல, உப்பளம் இரிக்கிற பக்கம் எண்டு வச்சிக்கோங்கோ. இருவத்தி ரெண்டு வருஷமா காதி கோட்டுல கிளாக்கர். நீங்க தமிழாக்கள் போல, ஒங்களுக்குத் தெரியாம இரிக்கும். எங்கட முஸ்லிம் ஆக்கள்ட கலியாணம், விவாகரத்து எல்லாம் காதியார்தான் விசாரிக்கிறது. பள்ளிக்குப் பின்னுக்கு ரெண்டு அறை, அதான் கந்தோர். வக்கீல் வரக் கூடாது. காதியார் கேப்பார், வந்த ஆள் சொல்லும், நான் எழுதுவேன். நான் எழுதினதுதான் வாக்குமூலம். எண்ட கையெழுத்தைப் பாத்தீங்கண்டா அச்சடிச்ச மாதிரி இரிக்கும்.

ஜாவா ஆக்களும் முஸ்லிம்தானே. அவங்கட வழக்கும் எங்கட காதியார்கிட்டத்தான் வரும். எங்கட ஊர்ல ஜாவாத் தெரு எண்டு ஒண்டு, நாப்பது நாப்பத்தஞ்சி வீடு. நான் பொறந்த வீடு அந்தத் தெரு மூலைல. சின்ன வயசுல அவங்கட பொடியன்மாரோட பந்தடிச்சவன் நான். பாஷை காதுல விழுந்து பழகினதுதான். வசனம் போற போக்கெல்லாம் எங்கட தமிழ் மாதிரியே. யார், யாரை, என்ன செஞ்ச, அந்த வரிசை. சொல்லு மட்டும் வேற. அதால எனக்கு ஜாவா தெரியும் எண்டு நான் எல்லார்கிட்டயும் சொல்றது. பொய் இல்ல. தெரியும்தான்.

ஸம்ரா எண்டு ஒரு பொம்புள, ஜாவாத் தெருவுல. புருஷன் ஜல்தீன், சரணாலயத்துக்கு வெள்ளைக்காரனுகளக் கூட்டிப் போற ஜீப் ஓட்டுறவன். அவ பஸஹ் கேட்டு மனுப் போட்டா. பஸஹ் எண்டா, பொம்புள கேக்கிற விவாகரத்து. புருஷன் அடிக்கிறான் எண்டு காரணம். சாட்சி இல்லாம அது குடுக்க ஏலா.

ஜல்தீன் வந்தான். என்னக் கண்டா குந்தி இருந்தாலும் எழும்புவான். சொந்த அண்ணன் மாதிரி “வதூத் நானா” எண்டு வாய் நெறயக் கூப்புடுவான். மொகத்துல ஒரு வெளிச்சம் அவனுக்கு. “நானா, நான் அடிக்கல்ல. அவதான் வெறகுக் கட்டயால என்ன அடிச்ச. பாருங்கோ” எண்டு நெத்தியைக் காட்டினான். தழும்பு இருந்திச்சி. ஜீப் கதவு பட்டாலும் அப்பிடித் தழும்பு வரும் எண்டு இப்ப சொல்றாங்க. அப்ப ஆரும் சொல்லல்லயே?

அவ எப்பிடி வந்தா தெரியுமா? மொகத்தை நேராப் பாத்துக் கதைச்சா. காதியாரயும் நேராப் பாத்தா, என்னயும் நேராப் பாத்தா. அடி வாங்கின பொம்புள அப்பிடியா பாக்கும்? காதுக்குப் பின்னால கறுத்துப் போயிரிக்கி எண்டு சொன்னா. அது துணிக்குள்ள. காட்டச் சொல்லி ஆரு கேக்கிற? நாங்க அஞ்சி ஆம்புளயள். காதியார், அவரோட சேந்து விசாரிக்கிற மூணு அசெசர்மார், நான்.

“சாட்சி ஆரு?” எண்டு காதியார் கேட்டார்.

“எண்ட மாமி. அவர்ட உம்மா” எண்டா.

அசெசர்மார்ல ஒருத்தர் சிரிச்சிட்டார். நானும் சிரிச்சேன். மருமகளுக்குச் சார்பா மாமி வந்து சாட்சி சொல்ற கதை எங்கயாவது நடக்குமா? மாமி மகனுக்குத்தான் சொல்லுவா. இந்தப் பொம்புளக்கு அதுவும் வெளங்கல்ல எண்டு நெனச்சேன்.

அடுத்த தவணைக்கு மாமி வந்தா. ஞெய் கமரியா. ஞெய் எண்டா ஜாவாப் பொம்புளயள்ட பேருக்கு முன்னுக்கு வைக்கிற மரியாதை. ஒயந்த மனிசி, கறுப்புக் குடையை மடிச்சி மடில வச்சிக்கிட்டு குந்தினா. சாட்சி சொல்லக்குள்ள மத்தாக்கள் உள்ளுக்கு இரிக்கக் கூடாது. மகனையும் மருமகளயும் வெளியால அனுப்பி, கதவைச் சாத்தியாச்சி. காதியார் தமிழ்ல கேட்டார். அவக்குத் தமிழ் வெளங்கல்ல. சிங்களம் நல்லாத் தெரியும், எங்கட காதியார்ட சிங்களம் சந்தைல மீன் வாங்கிறதுக்குக் காணும், அதுக்கு மேல போகாது. இருந்தாலும் சிங்களத்துல சொல்லுங்கோ எண்டார். அவ மாட்டேன் எண்டுட்டா. சிங்களத்துல ஒரே ஒரு வசனம் சொன்னா. “நான் பெத்ததப் பத்தி வேற பாஷைல சொல்ல எனக்கு வாய் வராது.”

காதியார் என்னப் பாத்தார். “வதூத், உமக்கு ஏலுமா?”

“ஏலும்” எண்டேன்.

இருவத்தி ரெண்டு வருஷத்துல அண்டைக்குத்தான் அசெசர்மார் எண்ட பக்கம் திரும்பிப் பாத்தாங்க. அது வரைக்கும் நான் மேசைக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு பேனை. கதிரையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டுக் குந்தினேன்.

அவ சொன்னா. தலையைக் குனிஞ்சிக்கிட்டு, குடைட புடியைப் பாத்துக்கிட்டு. ஒரு பேரும் சொல்லல்ல. மகன் எண்டும் சொல்லல்ல, மருமகள் எண்டும் சொல்லல்ல. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகு சண்டை தொடங்கினது. ‘தே’ வெறகுக் கட்டையை எடுத்தது. “தே தேயங் சுபுக்குல்” எண்டா. தான் நடுவுல பாஞ்சதும், தண்ட கையிலயும் அடி பட்டதும் சொன்னா. ‘தே’க்கு அல்லாஹ்ட பயமே இல்ல எண்டு சொல்லி அழுதா.

சுபுக்குல் எண்டா அடிச்சது. தே தேயங் எண்டா? அவன் அவள, இல்லாட்டி அவள் அவன. ரெண்டும் சரி. தமிழ்ல எழுத ஏலுமா அப்பிடி? ‘அது அதை அடித்தது’ எண்டு எழுத இவங்க என்ன, கல்லா மண்ணா? நான் ஒண்டைப் போட்டுத்தானே ஆகோணும். பெத்த தாய் மகன் அடிச்சான் எண்டு வந்து சொல்லுவாளா? அழுதது கூட மகனுக்காகத்தானே அழுதிருப்பா? நான் யோசிக்கல்ல தம்பி. யோசிக்க அதுல ஒண்டுமே இல்ல எண்டு பட்டிச்சி. “அவள் விறகுக் கட்டையை எடுத்தாள். அவள் அவனை அடித்தாள்” எண்டு சத்தமாச் சொல்லி, அழகா எழுதினேன்.

முடிஞ்ச ஒடனே அவ என்னப் பாத்து “புதுல்?” எண்டு கேட்டா. சரியா எண்டு அருத்தம்.

“புதுல்” எண்டேன்.

ஒப்பம் வச்சா. எழும்பிப் போகக்குள்ள எனக்குக் கையைத் தூக்கி துஆச் செஞ்சிட்டுப் போனா, அந்த மனிசி.

காதியார் மனுவைத் தள்ளுபடி செஞ்சார். அவட சாட்சியே அவளுக்கு எதிராச் சொல்லியாச்சி, பொறகென்ன? வாக்குமூலத்தை வாசிக்கல்ல, முடிவைத்தான் சொன்னார். ‘ஒங்கட மாமியே நீங்கதான் அடிச்சீங்க எண்டு சொல்லிட்டாங்க, வீட்டுக்குப் போய் சபூரா, பொறுமையா இரிங்கோ’ எண்டு ஸம்ராகிட்ட சொன்னார். அந்தப் பொம்புள எழும்பினா. வெளியால வந்து, வாசல்ல குடையோட நிண்ட மாமியைத் தாண்டிப் போனா. திரும்பிப் பாக்கல்ல. கெழவிக்கு ஒண்டும் வெளங்கல்ல. தான் சொன்னதை இந்த ஆம்புளயள் கணக்கெடுக்கல்ல எண்டு அவ நெனச்சிக்கிட்டா. மாமி காட்டிக் குடுத்துட்டா எண்டு இவ நெனச்சிக்கிட்டா. ஒரே வீட்டுல, ஒரே அடுப்புல, நாலு மாசம் ரெண்டு பேரும் ஒரு சொல்லு கதைக்கல்லயாம்.

அந்த நாலாம் மாசம் ஜல்தீன் திரும்பவும் அடிச்சான். அதே காது. ஆஸ்பத்திரில வச்சிப் பாத்திட்டு, இடது காது இனிக் கேக்காது எண்டுட்டாங்க. பக்கத்துல இருந்து கஞ்சி பருக்கினது அந்த மாமிதான். அப்பதான் ஸம்ரா வாயைத் தொறந்திரிக்கிறா. “என்னத்துக்கு இப்ப அழுறீங்க? நீங்கதானே கோட்டுல போய், நான் அடிச்சேன் எண்டு சொன்னீங்க?”

கமரியாக்கு அண்டைக்குத்தான் தெரிஞ்சிரிக்கி.

ரெண்டு நாளைக்குப் பொறகு, சுபஹ் தொழுதிட்டு வந்து நான் தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இரிக்கிறேன், சார்ஜன் புர்ஹான் வாசல்ல நிக்கிறார். ஜாவாத் தெரு ஆள், ஜெயில் சார்ஜனா இருந்து பென்ஷன் எடுத்தவர். மட்டக்களப்பு ஜெயில்ல பத்து வருஷம் இருந்ததால தமிழ் வாசிப்பார். கைல வாக்குமூலத்துட நகல் கொப்பி. குந்தச் சொன்னேன், குந்தல்ல.

“வதூத், இந்த ‘அவள்’ எங்க இருந்து வந்திச்சி?”

“அவ சொன்னதுதான்” எண்டேன்.

“அவ ‘தே’ எண்டு சொன்னா.”

“அப்ப ஒங்கட பாஷைல இல்லாததுக்கு நான் என்ன செய்ய?” எனக்குக் கோவம் வந்திச்சி. விடிய வெள்ளென வீட்டுக்கு வந்து கேக்கிற கேள்வியா அது? “ஆம்புளக்கு ஒரு சொல்லு, பொம்புளக்கு ஒரு சொல்லு வச்சிக்கச் சொல்லி ஒங்கட மூத்தவாப்பாமார்கிட்டப் போய்ச் சொல்லுங்கோ.”

அவர் கோவப்படல்ல. “எங்களுக்குள்ள எப்பவும் கொழம்பினது இல்ல வதூத். சந்தேகம் வந்தா ‘ஸாப்பா?’ எண்டு கேப்போம். ஆரு எண்டு. ஒரு சொல்லு. நீங்க கேக்கல்ல.”

மேல்முறையீட்டுக்குப் போகப் போறோம், ‘நான் தவறாக மொழிபெயர்த்தேன்’ எண்டு ஒரு கடிதம் தாங்கோ எண்டார். குடுக்கல்ல. எப்பிடிக் குடுக்கிற? இருவத்தி ரெண்டு வருஷமா எழுதின பைல் எல்லாத்தையும் பொறகு தோண்டுவானுகளே. ஒவ்வொருத்தனும் வந்து, எண்ட வாக்குமூலத்தைப் பாக்கோணும் எண்டுவானே. நான் கேட்டதைத்தான் எழுதினேன் எண்டு சொல்லிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அதுக்குப் பொறகு அந்தத் தெரு என்ன செஞ்சிச்சி தெரியுமா? ஏசினாங்களா, கல்லால எறிஞ்சாங்களா? அப்பிடி ஒண்டு செஞ்சிருந்தா நானும் நாலு வார்த்தை ஏசி இருப்பேன். ஒண்டும் செய்யல்ல. நான் வாரதைக் கண்டா கதையை நிப்பாட்டுவாங்க. முடி வெட்டுற கடைல நாலு பேர் ஜாவால கதைச்சிக்கிட்டு இரிப்பானுகள், நான் வாசல்ல கால் வச்ச ஒடனே வாய் மூடிரும். பொறகு சிங்களத்துல கதைப்பானுகள். அதுவும் அரசாங்கக் கச்சேரில பெரிய அதிகாரிக்கிட்டக் கதைக்கிற சிங்களம், மரியாதையா. சின்னப் புள்ளயள் கூட! பந்தடிக்கிறதுகள் நான் தாண்டிப் போற வரைக்கும் ஊமை மாதிரி நிக்கும். நான் பொறந்த மூலை தம்பி அது. எனக்கு முன்னால கதைச்சா அந்தப் பாஷை தேஞ்சி போயிருமா? என்னமோ ராஜாங்கப் பாஷை மாதிரி! த்தூ.

மேல்முறையீடு கொழும்புல நடந்திச்சி. என்னயும் கூப்பிட்டாங்க. கமரியா வந்தா, புர்ஹான் மொழிபெயர்க்க நிண்டார். இந்தத் தடவை அவ குனியல்ல. தே எண்டு சொல்லவே இல்ல. “எண்ட மகன் துவான் ஜல்தீன்” எண்டு தொடங்கினா. ஒவ்வொரு வசனத்துலயும் முழுப் பேர். எண்ட மகன் துவான் ஜல்தீன் கட்டையை எடுத்தான். எண்ட மகன் துவான் ஜல்தீன் எண்ட மருமகள அடிச்சான். பொறகு என்னக் கேட்டாங்க, முந்தி சொன்னக்குள்ள அடிச்சது ஆரு எண்டு நீங்க விசாரிச்சீங்களா எண்டு.

“ஞாபகம் இல்ல” எண்டேன்.

பொய் எண்டு சொல்ல ஏலா. வயசு போனா மறக்கும்தானே.

ஸம்ராக்கு விவாகரத்து கெடச்சிச்சி. கமரியா மகனை வீட்டை விட்டு வெளியால போட்டா. மருமகளும் பேரனும் அவவோடதான் இரிக்கிறாங்க. ஸம்ரா தைக்கிறா, நல்லாத்தான் இரிக்கிறா எண்டு கேள்வி. கதை அதோட முடிஞ்சிருந்தா நான் ஏன் நேத்து பதுளைக்குப் போற?

போன மாசம் ஜும்ஆத் தொழுகை முடிஞ்சி வாரேன், பள்ளி வாசல்ல ஜல்தீன். அத்தன பேருக்கு முன்னால எண்ட கையை ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டான். “வதூத் நானா, ஒங்களை மாதிரி ஒரு நல்ல மனிசன் இந்த ஊர்ல இல்ல” எண்டான். சுத்தி நிண்டவங்க பாத்தாங்க. கையை இழுத்தேன், விடல்ல. ஈரக் கை. “பதுளைல ஒரு எடம் பேசுறாங்க. மொதக் கலியாணம் ஏன் முறிஞ்ச எண்டு பொண்ணுட வாப்பா கேக்கிறார். எண்ட உம்மா மொதல்ல குடுத்த வாக்குமூலம் இரிக்கித்தானே, நீங்க எழுதின. அதுல ஒரு கொப்பி தாங்களன்.”

வெளங்கிச்சா? பொஞ்சாதிட காதைச் செவிடாக்கினவன், நான் எழுதின கடதாசியைக் கொண்டு போய் நல்ல மாப்புள எண்டு காட்டப் போறான். பெத்த தாயே சொல்லி இரிக்கிறா, அவள்தான் அடிச்சாள் எண்டு. அச்சடிச்ச மாதிரி எழுத்துல.

நீங்க குடுத்திருக்க மாட்டீங்க, என்ன? சொல்றது லேசு. வழக்காளி கொப்பி கேட்டா கந்தோர் குடுக்கோணும். சட்டம். முத்திரை குத்தி, ஒப்பம் போட்டு, நானே குடுத்தேன். வீட்டுக்கு வந்து சவுக்காரம் போட்டு ரெண்டு தரம் கை கழுவினேன். சோத்துல கை வைக்க மனம் வரல்ல. மூணு கிழமை அப்பிடித்தான் போச்சி. எண்ட மனிசி டொக்டர்கிட்டக் காட்டச் சொன்னா. அடுத்த மாசம் நிக்காஹ் எண்டு கேள்விப்பட்டேன். நேத்து பின்னேரம் பஸ் எடுத்தேன்.

பொண்ணுட வாப்பா மிஸ்கீன் மாஸ்டர், பள்ளிக்கூடத்துல படிச்சிக் குடுத்து ஓய்வு எடுத்தவர். அவங்களும் ஜாவாதான். மலைநாட்டுல இரிக்கிறதால தமிழ் நல்லாக் கதைப்பார். உள்ளுக்குக் கூப்பிட்டு குந்த வச்சார். அந்தக் கடதாசி அவர்ட மேசைலயே கெடந்திச்சி. நான் சொன்னேன். இது பிழை, அடிச்சது அவன்தான் எண்டு. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேட்டார். “இதை எழுதினது நான்” எண்டேன். சொல்லக்குள்ள வாய் கசந்திச்சி தம்பி, நாக்கு முழுக்க.

அவர் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சார். பொறகு, “இந்தக் கலியாணம் நடக்காது. ஒங்களுக்கு அல்லாஹ் நல்ல கூலி தரட்டும்” எண்டார். எனக்கு மூச்சு வந்திச்சி. அத்தோட எழும்பி வந்திருக்கலாம். வரல்ல. குந்திக்கிட்டே இருந்தேன்.

“இதைக் கொழும்புல, விசாரணைல சொன்னீங்களா?” எண்டு கேட்டார்.

“இல்ல.”

“அந்தப் புள்ளைக்கிட்டச் சொன்னீங்களா? இல்லாட்டி அந்தத் தாய்க்கிட்ட?”

“இல்ல.”

“எங்கட மகளுக்காக இவ்வளவு தூரம் வந்திரிக்கிறீங்க” எண்டார். கோவமே இல்லாம, பள்ளிக்கூடத்துல கணக்குக் கேக்கிற மாதிரி. “ஒங்கட ஊர்ல அந்த வீடு எவ்வளவு தூரம்?”

ரெண்டு தெரு. நான் சொல்லல்ல. என்னத்துக்குச் சொல்ல?

திரைக்குப் பின்னால இருந்து மகள் வந்தா. எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் நிண்டிரிக்கிறா. மேசைல கெடந்த கடதாசியை எடுத்து, நாலா மடிச்சி, எண்ட கைல தந்தா. “இது ஒங்கடது” எண்டா தமிழ்ல. பொறகு வாப்பாக்கிட்ட ஜாவால என்னமோ சொன்னா. ஒரு சொல்லும் எனக்கு வெளங்கல்ல. அவங்கட ஊர் ஜாவா வேற மாதிரி எண்டு நெனக்கிறேன்.

இந்தா, உப்பளம் தெரியுது. அடுத்த ஹோல்ட்ல நான் எறங்கோணும். பஸ் நிக்கிறது ஜாவாத் தெரு வாசல்லதான். அந்தத் தெருவுக்குள்ளால நடந்தா எண்ட வீட்டுக்கு அஞ்சி நிமிஷம். இந்த வருஷம் முழுக்க நான் உப்பளத்துப் பக்கமாச் சுத்தித்தான் போறது. அரை மணித்தியாலம் எடுக்கும். மழையும் இருட்டிக்கிட்டு வருது, குடையும் கொண்டு வரல்ல.

கொஞ்சம் காலை மடக்குங்கோ தம்பி. சுத்தித்தான் போகோணும்.